பதினொரு நிமிடம் கிழக்கே

காணாமல் போனவர்களைத் தேடித் தருவோம் என்று எங்கள் பலகையில் எழுதியிருக்கிறது. காணாமல் போன பிறகும் தினமும் போன் செய்கிற ஆளைத் தேடச் சொல்லி இதுவரை யாரும் படியேறி வந்ததில்லை.

"தினமும் மதியம் ஒரு மிஸ்டு கால். அவ்வளவுதான்," என்றாள் அந்தப் பெண். "அவரும் பேச மாட்டார். நானும் எடுக்க மாட்டேன்."

பெங்களூர் சிவாஜிநகர் பஸ் நிலையத்துக்கு எதிரே, துணிக்கடைக்கு மேல் இரண்டாவது மாடியில் எங்கள் ஆபீஸ். மே இருபதாம் தேதி, காலை ஒன்பது மணி. வந்தவள் பெயர் தாரணி. முப்பத்து நான்கு வயது, ஹெப்பகோடியில் தனியாக ஒரு பிளாட், எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. கழுத்தில் கம்பெனி அட்டையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். காணாமல் போனவர் அவளுடைய அப்பா இராஜமாணிக்கம். வயது எழுபத்து மூன்று. முப்பத்தோரு வருடம் சரக்குக் கப்பல்களில் செகண்ட் ஆபீசர். நடுக்கடலில் கப்பல் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிற வேலை.

"ஊருக்கே வழி சொன்னவர் தொலைஞ்சு போயிட்டாரா?" என்றேன்.

வேதநாயகி மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். பத்தொன்பது வருடம் புவியியல் டீச்சராக இருந்துவிட்டுத் துப்பறிய வந்தவர். அந்தப் பார்வைக்கு நான் இன்றைக்கும் பெஞ்சு மேல் ஏறத் தயார். என் பெயர் தினேஷ், வயது நாற்பத்தொன்று. முன்பு கால் டாக்சி ஓட்டினேன், இப்போது அதே வண்டியை மேடத்துக்கு ஓட்டுகிறேன். மேடத்துக்குக் குடும்பம் கிடையாது. எனக்கு இருந்து, இல்லாமல் போய்விட்டது. நாள் முழுக்க என்னோடு பேசுகிற ஒரே பெண், போன் மேப்புக்குள் இருந்துகொண்டு 'இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்' என்கிறவள்தான்.

"ஸ்டேஷன்ல சொன்னீங்களா?" என்றார் மேடம்.

"சொன்னேன். 'தினம் கால் வருதுன்னு நீங்களே சொல்றீங்க, அப்புறம் எங்கம்மா காணோம்? ரெண்டு நாள் நோடோணா, பார்க்கலாம்'ன்னாங்க."

"வருதா?"

"நேத்து வரல."

மேடம் கையை நீட்டினார். தாரணி போனைக் கொடுத்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். ஒரே பெயர், வரிசையாக. மே ஆறாம் தேதி வரை பன்னிரண்டு பதினாறு. ஏழாம் தேதி ஒன்றும் இல்லை. எட்டு முதல் பதினெட்டு வரை பன்னிரண்டு ஐந்து, பன்னிரண்டு ஐந்து, பன்னிரண்டு ஐந்து. நேற்று ஒன்றும் இல்லை.

"ஏழாம் தேதி வராதப்போ என்னம்மா பண்ணீங்க?"

"காத்திருந்தேன்," என்றாள் தாரணி. "மறுநாள் வந்துடுச்சு. சரி, நல்லாத்தான் இருக்கார்னு வேலையைப் பார்த்தேன். நேத்து மறுபடியும் வரலன்னதும் பயந்து, சாயங்காலம் அல்சூர்ல அவர் வீட்டுக்கே போனேன். பூட்டியிருக்கு. கீழ் வீட்டு பிரிஜெட் ஆன்ட்டி கோலார் போயிட்டு மூணு நாள் முன்னதான் வந்தாங்களாம். அவங்க வந்ததுல இருந்தே பூட்டுதானாம். போன் ஆஃப். அவர் எப்பவுமே மதியம் மட்டும்தான் ஆன் பண்ணுவார்."

"கால்ல வேற ஏதாவது வித்தியாசம்?"

"முன்னெல்லாம் ரெண்டே ரிங். கட் பண்ணிடுவார். இந்தக் கொஞ்ச நாளா அதுவா நிக்கிற வரைக்கும் அடிக்குது."

"அப்பவும் எடுக்கலையா?"

அவள் ஜன்னல் வழியாகக் கீழே பஸ்களைப் பார்த்தாள். "எடுக்கல மேடம்."

மேடம் போனைத் திருப்பிக் கொடுத்தார். கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார், நான் வண்டிச் சாவியைத் தேடினேன்.

பிரிஜெட் ஆன்ட்டி மாற்றுச் சாவியோடு வாசலிலேயே நின்றிருந்தார். மாடிப்படி முழுக்கப் பூந்தொட்டிகள், எல்லாம் காய்ந்து போயிருந்தன. "ஹி இஸ் எ ஜென்டில்மேன்மா," என்றார் தாரணியிடம். "வாடகை ஒண்ணாந்தேதி. சத்தம் கிடையாது. யாரும் வர்றதும் கிடையாது. பாஞ்சாலின்னு ஒருத்தி, நீலசந்திராவுல இருந்து வேலைக்கு வருவா. அவளும் ஆளைக் காணோம். சார் ஊருக்குப் போனதால லீவு எடுத்திருப்பா."

உள்ளே ஒற்றை அறை. சுருக்கமே இல்லாத கட்டில் விரிப்பு, ஒரு தட்டு, ஒரு டம்ளர். சுவரில் இந்துமகா சமுத்திரத்தின் பெரிய வரைபடம். அதன் பக்கத்தில் நான்கு ஒட்டுப்பட்டைத் துண்டுகள் மட்டும் இருந்தன, நடுவில் இருந்த காகிதத்தை யாரோ எடுத்திருந்தார்கள். ஆணியில் ஒரு சின்ன மரப்பலகை தொங்கியது. அதன் நடு ஓட்டையிலிருந்து முடிச்சு முடிச்சாக ஒரு கயிறு.

"இது என்ன மேடம், குழந்தை பொம்மையா?"

"ராப்பலகை. நம்ம கடற்கரை மாலுமிங்க வெச்சிருந்தது. கயித்தைப் பல்லால கடிச்சுக்கிட்டுப் பலகையை முன்னாடி நீட்டணும். கீழ் ஓரம் கடல் விளிம்புல நிக்கணும், மேல் ஓரம் துருவ நட்சத்திரத்தைத் தொடணும். இந்த முடிச்சைக் கடிக்கும்போது பொருந்தினா நாகப்பட்டினம் நேரா வந்துட்டோம்னு அர்த்தம். அடுத்த முடிச்சுன்னா அடுத்த துறைமுகம்."

"சார்ஜே போட வேணாம். நல்ல மேப்பா இருக்கே!"

"பாதி மேப்," என்றார் மேடம். "வடக்கு தெற்கு மட்டும்தான் சொல்லும். கிழக்கே எவ்வளவு வந்திருக்கோம், மேற்கே எவ்வளவுன்னு நட்சத்திர உயரத்தை வெச்சுச் சொல்ல முடியாது, வானம் சுத்திக்கிட்டே இருக்கே. அது தெரியாம இருட்டுல பாறையில மோதின கப்பல்களுக்குக் கணக்கே இல்ல. பெரிய பெரிய ராஜாங்கமெல்லாம் பரிசு அறிவிச்சும் நூறு வருஷத்துக்கு மேல யாராலயும் முடியல. கடைசியில ஒரு தச்சர் கடிகாரம் செஞ்சு முடிச்சார்."

"கடிகாரத்துக்கும் வழிக்கும் என்ன மேடம் சம்பந்தம்?"

"பூமி ஒரு டிகிரி சுத்த நாலு நிமிஷம் ஆகும். கிழக்கே போகப் போக உச்சி வெயில் சீக்கிரம் வரும். ஊர் நேரத்தை மாத்தாம காட்டற ஒரு கடிகாரம் கையில இருந்தா, இன்னிக்கு உச்சி எத்தனை மணிக்கு வந்ததுன்னு பார்த்தே எங்க இருக்கோம்னு சொல்லிடலாம்."

மேடம் பேசிக்கொண்டே மேஜை அருகே போய் நின்றுவிட்டார். தூசிக்கு நடுவே ஒரு சாண் சதுரம் மட்டும் சுத்தமாக இருந்தது.

"அங்கதான் ஹிஸ் கிளாக் இருக்கும்," என்றார் பிரிஜெட் ஆன்ட்டி வாசலிலிருந்து. "மரப்பெட்டியில. ஒருத்தரையும் தொட விடமாட்டார். பாஞ்சாலி சுத்தித் தூசி தட்டலாம், அவ்வளவுதான்."

மேஜை மேல் ஒரு நீள நோட்டு இருந்தது. நாளுக்கு ஒரு வரி. தேதி, உச்சி நேரம், இடம், காற்று, பார்வையாளர் என்று கட்டம் போட்டு எழுதியிருந்தார். இடம் எல்லா நாளும் ஒன்றேதான், இதே அல்சூர் வீடு. பார்வையாளர் கட்டத்தைப் பார்த்தேன். இல்லை. இல்லை. இல்லை. பக்கத்தைப் புரட்டினேன். இல்லை. ஒரே ஒரு நாள் 'கேஸ் சிலிண்டர் ஆள்' என்று எழுதியிருந்தது. கடைசி ஓரத்தில் இன்னும் ஏதோ பொடி எண்கள். கிண்டல் செய்யலாம் என்று வாயைத் திறந்தேன், வரவில்லை. என் வீட்டுக்கும் சிலிண்டர் ஆள்தான் வருவான்.

"கப்பல்ல தினமும் உச்சி வேளையில ஆபீஸுக்கு ரிப்போர்ட் போகும்," என்றாள் தாரணி மெதுவாக. "இங்க இருக்கோம், எல்லாம் நலம்னு. அந்தப் பழக்கம். ஆனா கால் நேரம் வருஷம் பூரா ஒண்ணா இருக்காது மேடம். பிப்ரவரியில பன்னிரண்டரை தாண்டி வரும், நவம்பர்ல பன்னிரண்டு அடிச்சதுமே வரும். வயசாச்சு, தடுமாறுறார்னு நெனச்சேன்."

"அவர் தடுமாறல. சூரியனே அப்படித்தான், வருஷத்துல கொஞ்சம் முன்னப் பின்ன வரும். ஆனா சூரியன் ரெண்டே நாள்ல பதினொரு நிமிஷம் குதிக்காது." மேடம் சுவர் வரைபடத்தில் விரல் வைத்தார். "ஆறாம் தேதி பன்னிரண்டு பதினாறு. எட்டாம் தேதி பன்னிரண்டு அஞ்சு. பதினொரு நிமிஷம் சீக்கிரம். நாலு நிமிஷத்துக்கு ஒரு டிகிரின்னா, கிழக்கே ரெண்டே முக்கால் டிகிரி."

விரல் பெங்களூரிலிருந்து வலது பக்கம் நகர்ந்து சென்னையில் நின்றது.

"ராயபுரம்!" தாரணி கத்தியே விட்டாள். "அவரோட கப்பல்ல இருந்த சிநேகிதர் ஒருத்தர் அங்கதான் இருக்கார். கடிகாரத்தையும் எடுத்துக்கிட்டு அங்க போயிட்டார்!"

மிஸ்டு காலை வைத்து ஊரைச் சொன்ன மேடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். நோட்டை மேடம் மடியில் வைத்துக்கொண்டார்.

ஓசூர் சாலையில் வழக்கமான நெரிசல். மேப் அம்மாள் சென்னைக்கு ஆறேகால் மணி நேரம் என்றாள். பின் சீட்டில் தாரணி தானாகவே பேச ஆரம்பித்தாள்.

"அம்மா போனப்போ அவர் பிரேசில் பக்கம் எங்கேயோ கடல்ல இருந்தார். நான் பன்னிரண்டாவது படிச்சுக்கிட்டிருந்தேன். அதை என்னால மறக்க முடியல. ரிட்டயர் ஆனப்புறம் என்கூட வந்து இருங்கன்னு எத்தனையோ தடவை கூப்பிட்டேன். பதினாலாவது மாடியில மூச்சு முட்டுது, என் ரூம் போதும்னார். கடைசியா போனப்போ சண்டை. 'எப்பவும் தள்ளியே இருந்து பழகிட்டீங்க, இனி செத்தா மட்டும் சொல்லி அனுப்புங்க'ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

நான் கண்ணாடியில் பார்த்தேன். அவள் அழவில்லை, கம்பெனி அட்டையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"மறுநாள் மதியம் முதல் மிஸ்டு கால் வந்தது. இன்னும் சாகலன்னு சொல்றார்னு புரிஞ்சது. கோபம்தான் வந்தது. அதனால எடுக்கல. அப்புறம் எடுக்காம இருக்கிறதே பழகிடுச்சு."

ஹெப்பகோடி சிக்னலில் நின்றோம். மணி பதினொன்று பத்து. "அதோ என் பிளாட்," என்று தாரணி ஒரு உயரமான கட்டிடத்தைக் காட்டினாள். அதே நேரத்தில் மேடம் என் தோளில் அடித்தார்.

"தினேஷு, ஓரம் கட்டு!"

"மேடம், ஹைவே. பின்னாடி லாரிக்காரன் என் வம்சத்தையே திட்டுவான்."

"திட்டட்டும். கட்டு."

கட்டினேன். திட்டினான், கன்னடத்தில், வஞ்சனை இல்லாமல். மேடம் நோட்டைத் திறந்து அந்தக் கடைசி ஓரத்துப் பொடி எண்களின் மேல் விரலை வைத்தார். மே நான்கு: பிழை பத்து நிமிடம் முப்பத்தெட்டு விநாடி. மே ஐந்து: பத்து நிமிடம் முப்பத்தொன்பது. மே ஆறு: பத்து நிமிடம் நாற்பது.

"நான் ஒரு மடச்சி," என்றார் மேடம். "இது அவர் கடிகாரத்தோட பிழை. நிஜ நேரத்தைவிட அது பத்து நிமிஷம் நாற்பது விநாடி முன்னாடி காட்டுது."

"பத்து நிமிஷம் தப்பா ஓடறதை வெச்சுக்கிட்டா கப்பல் ஓட்டினாங்க? சரி பண்ணக் கூடாதா?"

"பண்ண மாட்டாங்க. கப்பல் கடிகாரத்தை அடிக்கடி தொட்டா அதோட நடை கெட்டுடும். அதுபாட்டுக்கு ஓட விட்டுட்டு, தினமும் எவ்வளவு தப்புன்னு எழுதி வெச்சு மனசுக்குள்ள கழிச்சுக்குவாங்க. உன் மேப் அம்மாவுக்கு வழி சொல்ற சாட்டிலைட்லயும் கடிகாரம்தான் இருக்கு. அதுலயும் இதே வழக்கம்தான். பிழையையும் சேர்த்து அனுப்பிடுவாங்க, உன் போன் கழிச்சுக்கும்." மேடம் மூச்சு வாங்கினார். "இப்ப நீ கழி. பன்னிரண்டு பதினாறுல கிட்டத்தட்ட பதினொரு நிமிஷம் போனா?"

"பன்னிரண்டு அஞ்சு," என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. "ஐயையோ! அப்போ சென்னை?"

"சென்னையும் இல்ல, ராயபுரமும் இல்ல. அந்தக் கடிகாரம் பெங்களூரை விட்டே போயிருக்காது. சுவத்துல இருந்து எடுத்த சீட்டுல அவர் எழுதி வெச்ச உச்சி நேரத்தை, அவர் கடிகாரத்துலயே பார்த்து, பிழையைக் கழிக்காம யாரோ போன் பண்றாங்க. இராஜமாணிக்கம் அந்தத் தப்பைத் தூக்கத்துலகூடப் பண்ண மாட்டார்."

பதினோரு நாளாகப் போன் செய்தது அவர் இல்லை. அப்படியானால் அவர் எங்கே, எப்படி இருக்கிறார் என்பதற்கு ஆறாம் தேதிக்குப் பிறகு ஒரு சாட்சியும் இல்லை.

"எங்கப்பா..." என்று தாரணி முன் சீட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியலம்மா. பொய் சொல்ல மாட்டேன்," என்றார் மேடம். "ஆனா ஒண்ணு. திருடினவன் போனை வித்திருப்பான். கெடுதல் பண்ணினவன் தூக்கிப் போட்டிருப்பான். தினமும் கடிகாரத்துக்கு முன்னாடி உட்கார்ந்து நேரம் பார்த்துப் போன் போடறவங்க அவருக்கு வேண்டியவங்க. அவர் அப்படிப் போன் போடறதைத் தினமும் பக்கத்துல நின்னு பார்த்தவங்க. கழிக்கிறது மட்டும் கண்ணுக்குத் தெரியல, அது அவர் மனசுக்குள்ள நடந்தது."

"பாஞ்சாலி!" என்றேன்.

"திருப்பு வண்டியை."

மேப் அம்மாள் 'வழியை மறுபடி கணக்கிடுகிறேன்' என்று அலுத்துக்கொண்டாள். மேம்பாலத்தில் நான் ஓட்டிய வேகத்தை இங்கே எழுதினால் லைசென்ஸ் போய்விடும். பன்னிரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நீலசந்திராவுக்குள் நுழைந்தோம். அதற்கு மேல் வண்டி போகாது. இறங்கி நடந்தோம். மேப் அம்மாள் மூன்று சந்து சுற்ற வைத்து, ஒரு சாக்கடைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, 'நீங்கள் சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்' என்றாள். முதல் முறையாக அவளைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு வாயைத் திறந்தேன்.

"அண்ணா, பாஞ்சாலின்னு ஒரு அம்மா. வீட்டு வேலைக்கு அல்சூர் பக்கம் போறவங்க."

கறிக்கடைக்காரர் கத்தியைத் துடைத்தபடி யோசித்தார். "இங்க மூணு பாஞ்சாலி இருக்குதே குரு. எந்தப் பாஞ்சாலி?"

"அவங்க வீட்டுல மரப்பெட்டியில ஒரு கடிகாரம்..."

"அட, டிக் டிக் பாஞ்சாலியா! போன வாரம் ஒரு பெரியவரை நாற்காலியோட தூக்கினு வந்தோமே, நானும் ஒரு கை பிடிச்சேன். நேரா போ, தண்ணி டேங்க் வரும், அங்க ரைட்டு எடுக்காத. புத்தர் விகாரைச் செவுரு ஓரமாவே போனா நீலக் கதவு."

தாரணி அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தாள்.

நீலக் கதவு திறந்தே கிடந்தது. தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. சுவரில் புத்தர் படம், கீழே ஸ்டூலில் அந்த மரப்பெட்டி, பக்கத்தில் மாதத்தின் உச்சி நேரங்கள் எழுதிய காகிதம். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண், கடிகாரத்துக்கு வெகு அருகே முகத்தை வைத்து, போனைக் காதில் அழுத்திக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் மணி பன்னிரண்டு பதினாறு. என் போனில் பன்னிரண்டு ஐந்து.

"இன்னிக்கும் அந்த இங்கிலீஷ்காரி ஏதோ பேசிட்டுக் கட் பண்ணிட்டாய்யா," என்றாள் கட்டிலைப் பார்த்து.

கட்டிலில் இராஜமாணிக்கம் படுத்திருந்தார். வலது கை அசையாமல் கிடந்தது, வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கண் மட்டும் வாசலுக்கு வந்தது. தாரணியைப் பார்த்ததும் அந்தக் கண் அப்படியே நின்றுவிட்டது.

"அப்பா!"

பாஞ்சாலி திரும்பினாள். "நீதானா கண்ணு அந்த நம்பரு?"

தாரணி தலையாட்டினாள்.

"ஏழாந்தேதி காலைல போறேன், தரையில கெடக்குறாரு. கீழ் வூட்டம்மாவும் ஊர்ல இல்ல. ஆட்டோ புடிச்சு பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடினேன். நல்லாத்தான் பாத்தாங்க, அஞ்சு நாள்ல அனுப்பிட்டாங்க. கையும் பேச்சும் மட்டும் வரல. மாடிப்படி ஏத்த முடியாதுன்னு இங்கியே தூக்கினு வந்துட்டேன். எட்டாந்தேதியே ஆஸ்பத்திரியில கண்ணு தொறந்ததும் காதுகிட்ட கைய வெச்சுக் காட்னாரு. போனுன்னு புரிஞ்சிச்சு. இதெல்லாம் போய் எடுத்தாந்தேன். அவரு செய்யற மாதிரியே சீட்டைப் பார்த்து, கடியாரத்தைப் பார்த்து, மேல இருக்கிற நம்பரை அமுக்குனேன்." பாஞ்சாலி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "அவரு ரெண்டு அடி அடிச்சா கட் பண்ணிடுவாரு. நான் பண்ணல. முழுசா அடிக்க வுட்டேன். யாராச்சும் எடுத்தா விஷயத்தைச் சொல்லலாமே, வந்து பாப்பாங்களேன்னு. பதினோரு நாளு கண்ணு. எடுக்கவே இல்லியே."

அதில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. தாரணி கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"நேத்துல இருந்து போனே போவ மாட்டேங்குது," என்றாள் பாஞ்சாலி.

"ரீசார்ஜ் முடிஞ்சிருக்கும்மா," என்றேன்.

"என்னவோ. ஆனா ஒண்ணு மேடம். போனு பண்ணி முடிச்சதும் தெனம் இவரு ஒரே ரகளை. கைய ஆட்டுவாரு, தலைய ஆட்டுவாரு. மகளை நெனச்சு மனசு ஒடையறாருன்னு நெனச்சேன்."

மேடம் குனிந்தார். "கையை எப்படி ஆட்டுவார்?"

பாஞ்சாலி பதில் சொல்வதற்குள் பெரியவரே காட்டினார். இடது கையின் ஐந்து விரலும் விரிந்து மூடின. மறுபடி விரிந்து மூடின. அப்புறம் ஆள்காட்டி விரல் மட்டும் நிமிர்ந்தது.

"பதினொண்ணு," என்றேன். "ஐயோ, பாஞ்சாலியம்மா! பதினொரு நிமிஷம் முந்திப் பண்றியேன்னு தினமும் உங்களைத் திட்டியிருக்கார்!"

இராஜமாணிக்கத்தின் தொண்டையில் ஒரு கரகரப்பு கேட்டது. சிரிப்பு என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பாஞ்சாலி, "அட கடவுளே, வாத்தியாரு மாதிரி தப்பு புடிக்கிற புத்தி போவலயே!" என்று தலையில் அடித்துக்கொண்டு அவளும் சிரித்தாள்.

தாரணி சிரிக்கவில்லை. மேடம் கையிலிருந்த நோட்டை வாங்கி, கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டிக்கொண்டிருந்தாள். பிழை, நாளுக்கு ஒரு விநாடியாகக் குறைந்துகொண்டே போனது. ஐந்நூறு. முந்நூறு. நாற்பது. முதல் பக்கத்தின் முதல் வரியில் அவள் விரல் நின்றது. இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆகஸ்ட் ஐந்து. பிழை: 0. பார்வையாளர்: தாரணி.

"நான் சண்டை போட்டுட்டுப் போன நாள்," என்றாள். "அன்னிக்குக் கடிகாரத்தைச் சரியா வெச்சிருக்கீங்க. அதுக்கப்புறம் தொடவே இல்ல." நோட்டை அவர் பக்கம் திருப்பினாள். "அறுநூத்து நாற்பது செகண்டும் நான் வராத நாளாப்பா?"

அவர் கண்ணை மூடித் திறந்தார்.

தாரணி கண்ணீரைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பெட்டியைத் திறந்து, நோட்டின் ஓரத்தில் ஒரு துண்டு கிழித்துச் சுருட்டி, உள்ளே ஆடிக்கொண்டிருந்த சக்கரத்தில் மெல்லச் செருகினாள். டிக் டிக் நின்றது. பாஞ்சாலி பதறிப் போனாள். "சின்ன வயசுல அப்பா காட்டியிருக்கார்," என்றாள் தாரணி. "முள்ளைப் பின்னாடி தள்ளக் கூடாது. நிறுத்தி வெச்சுட்டு, நிஜ நேரம் வந்து சேர்ற வரைக்கும் காத்திருக்கணும்."

கடிகாரம் பன்னிரண்டு இருபத்திரண்டில் நின்றிருந்தது. என் போனில் பன்னிரண்டு பதினொன்று. காத்திருந்தோம். கறிக்கடைக்காரர் நாலு டீ அனுப்பியிருந்தார். கூரைத் தகரத்து ஓட்டை வழியாக ஒரு வெயில் வட்டம் தரையில் கிடந்தது. பெரியவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் என்னிடம் வந்தபோது போனைக் காட்டினேன், பன்னிரண்டு பதினாறு. அவர் இடது கையை நகர்த்தி மகளின் மணிக்கட்டில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"ரெண்டு ரிங்," என்றாள் தாரணி. "எடுத்துட்டேன்பா."

பன்னிரண்டு இருபத்திரண்டுக்குக் காகிதத்தை உருவி, நின்ற சக்கரம் மறுபடி ஆட பெட்டியை ஒரு திருகு திருகினாள். டிக் டிக் ஆரம்பித்தது. நோட்டில் ஆறாம் தேதிக்குக் கீழே, மே இருபது என்று எழுதினாள். பிழை: 0. பார்வையாளர்: என்று எழுதிவிட்டுப் பேனாவை அவருடைய இடது கையில் வைத்தாள். அவர் கோணல் மாணலாக எழுதி முடிக்கும் வரை நாங்கள் இருக்கவில்லை. மேடம் என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டார்.

சந்தில் மேடம் எனக்கு முன்னால் நடந்தார். வண்டியில் ஏறியதும், "பதினோரு நாள் அடிச்சிருக்கு தினேஷு. எடுத்திருந்தா நம்மகிட்ட வந்திருக்கவே வேணாம்," என்றார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மேப் அம்மாள் எங்கே போக வேண்டும் என்று கேட்டாள். நான் சும்மா ஓட்டினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் கிடையாது. ரூமில் தனியாக உப்புமா கிண்டிக்கொண்டிருந்தேன். மதியம் பன்னிரண்டு பதினாறுக்குப் போன் அடித்தது. வேதநாயகி மேடம். இரண்டாவது ரிங் வருவதற்குள் எடுத்துவிட்டேன்.

"எதுக்கு எடுத்தே?" என்றார் அந்தப் பக்கத்திலிருந்து, அதே டீச்சர் குரலில். "சும்மா ஒரு மிஸ்டு கால் கொடுக்கலாம்னு பார்த்தேன்."

"எடுக்காம விட்டா என்ன ஆகும்னு பார்த்தாச்சு மேடம்," என்றேன். "சொல்லுங்க, சாப்பிட்டீங்களா?"

அடுப்பில் உப்புமா அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. மேடம் இன்னும் சாப்பிடவில்லையாம்.